மரம் வைத்தவர் தண்ணீர் ஊற்றுவாரா?

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று ஆண்டவன்மேல் பாரத்தைப் போட்டுச் சொல்வது நம் வழக்கம். பள்ளிக்கூடச் சுற்றுச்சூழல் தின விழாவில் மட்டும் இந்தப் பழமொழி பலிப்பதில்லை. கன்றை வைத்த பிரமுகர் புகைப்படம் எடுத்துக்கொண்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டு விடுகிறார். அப்புறம் தண்ணீர் ஊற்றுவது யார்?

விழாக்களுக்கு நம்மிடம் குறைவே இல்லை. மத்திய உணவு மந்திரியாயிருந்த கே. எம். முன்ஷி 1950-ல் வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். 1973 முதல் ஜூன் 5-ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் செஞ்சியில் ஜூன் மாதம் எப்படியிருக்கும்? கத்திரி வெயில் கழிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். ஊரைச் சுற்றிலும் பாறைக் குன்றுகள். பகலில் வாங்கிய சூட்டை அவை இரவிலும் விடுவதில்லை. பெருமழைக்கு ஐப்பசி பிறக்க வேண்டும். அதுவரை அந்த வேப்பங்கன்றைக் கைக்குழந்தைபோல் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

தண்ணீரின் அருமையை அங்குள்ள கோட்டையே சொல்லும். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படைகள் விட்டுவிட்டு முற்றுகையிட்டும் செஞ்சி எளிதில் பணியவில்லை. மதில்கள் மட்டுமா காத்தன? மலைமேல் சுனை, அடிவாரத்தில் குளங்கள் என்று முன்யோசனையோடு நீரைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலுள்ளது செஞ்சி ஒன்றுதான். பெருமைதான்! நாமும் புளியோதரை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு பார்க்கப் போகிறோம். சாப்பிட்ட பொட்டலத்தைப் படியோரம் போட்டால் குரங்கு பிரித்து இறைக்கிறது. மழை அதைக் குளத்தில் சேர்க்கிறது. பிறகு ஒரு துப்புரவு நாளில் யாரோ பெற்ற பிள்ளைகள் குனிந்து பொறுக்குகின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தம்ளர்களுக்கும் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தடை விதித்தது. 2021-ல் மஞ்சப்பையை மறுபடி நினைவூட்டியது. அரசாங்கம் சொல்லியா நமக்குத் தெரிய வேண்டும்? நம் பாட்டிமார் கையில் இருந்த பைதானே!

ஆகவே சகோதரிகளே, பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது இரண்டு விஷயங்களைத் துணிந்து கேளுங்கள். முதலாவது, "சென்ற வருஷம் நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன?" இரண்டாவது, "மே மாத லீவில் யார் தண்ணீர் விடுகிறார்கள்?" பதில் வராவிட்டால், பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு ஒரு கன்றாகப் பொறுப்பேற்றுக்கொள்ளலாம். அரிசி களைந்த நீர் ஒரு செம்பு போதும். ஆடு கடிக்காமல் நாலு முள் வைத்தால் போதும். நூறு கன்று நட்டு நூறையும் காய விடுவதைவிட, பத்தை நட்டுப் பத்தையும் காப்பாற்றுவது மேல். பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும் அதுதான்.