கடைசித் தவணைக்குப் பின் ஏற வேண்டிய படி



நம் குடும்பங்களில் வீடு வாங்கினால் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுகின்றோம். மாவிலைத் தோரணம் கட்டுகின்றோம். உற்றார் உறவினரை அழைத்து விருந்து வைக்கின்றோம். மகிழ்ச்சிக்குரிய நாள்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் சற்றே எண்ணிப் பாருங்கள். நாம் புதுமனை புகும் அந்த நாளில்தான் இருபத்தைந்து, முப்பது ஆண்டுக் கடனுக்குள்ளும் புகுகின்றோம். அந்தக் கடனை முற்றாகத் தீர்க்கும் நாளோ எவருக்கும் தெரியாமல் கடந்து போகிறது. சம்பளச் சீட்டிலோ வங்கிக் கணக்கிலோ ஒரு பிடித்தம் நின்றுவிடுகிறது. வீட்டுத் தலைவர் ஒரு பெருமூச்சு விடுகிறார். அத்துடன் எல்லாம் முடிந்ததாக நினைத்துக் கொள்கிறார்.

விழா எடுக்கவில்லையே என்பது என் கவலையன்று. கடைசித் தவணையைக் கட்டியவுடன் வேலை முடிந்தது என்று நம்மவர் பலர் எண்ணிவிடுகின்றனரே, அதுதான் என் கவலை. பணம் தீர்ந்தால் கடன் தீரும். ஆனால் பட்டாவில் உள்ள பதிவு தானாகத் தீராது. அந்தக் கடைசிப் படியை நாமேதான் ஏற வேண்டும். நம் காலத்திலேயே ஏற வேண்டும். இக்கட்டுரையின் கருத்து இதுதான்.

பட்டாவில் என்ன எழுதப்பட்டிருக்கிறது?

தீபகற்ப மலேசியாவில் நில உரிமையை ஆளுவது 1965ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசிய நிலச் சட்டம். தனிப்பட்டா உள்ள ஒரு வீட்டைக் கடனுக்கு வாங்கும்போது பட்டாவில் நம் பெயர் ஏறுகிறது. அதே பட்டாவில், கடன் கொடுத்த வங்கியின் பெயரால் ஓர் ஈட்டுப் பதிவும் ஏறுகிறது. மலாயில் இதனைக் ‘காடாயான்’ என்பர். இதற்கென உள்ளது 16 ‘ஏ’ படிவம். ‘கிராண்ட்’ என்று நம்மவர் வழக்கில் சொல்லும் அந்தப் பட்டாவும் கடன் தீரும்வரை வங்கியின் காப்பில் இருக்கும்.

கடன் தீர்ந்தபின் அந்த ஈட்டை நீக்குவதற்கு வேறொரு படிவம் உண்டு. அது 16 ‘என்’ படிவம். வங்கி அதில் கையொப்பமிட வேண்டும். பின்னர் அதனைப் பட்டாவுடன் நில அலுவலகத்திலோ நிலப் பதிவகத்திலோ சேர்ப்பித்து, உரிய கட்டணம் செலுத்திப் பதிய வேண்டும். பதிந்தால்தான் பட்டா தூய்மையாகும். பதியாவிட்டால், ஒரு காசு பாக்கியில்லாத வீடும் அரசாங்கப் பதிவேட்டில் ஈடு வைக்கப்பட்ட வீடாகவே நிற்கும். விற்கப் போனாலும் பிள்ளைக்கு எழுதி வைக்கப் போனாலும் அந்தப் பழைய ஈடு குறுக்கே நிற்கும்.

அடுக்குமாடி வீடுகளில் நிலைமை சற்று வேறு. தனிப்பட்டா வெளிவருவதற்கு முன்பே வாங்கியிருந்தால், நம் உரிமையை வங்கிக்கு ஒப்படைக்கும் பத்திரத்தின் பேரில் கடன் தரப்பட்டிருக்கும். கடன் தீர்ந்ததும் அவ்வுரிமையை நமக்கே திருப்பித் தரும் பத்திரத்தை வங்கி எழுதித் தர வேண்டும். இடையில் தனிப்பட்டா வெளிவந்திருக்குமானால், அதை நம் பெயருக்கு மாற்றும் வேலையும் இருக்கிறது. கடன் முடிந்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிட்டால், பட்டா மேம்பாட்டாளர் பெயரிலேயே கிடக்கும்.

அரசாங்க ஆசிரியர்கள் பலர் வங்கியில் கடன் வாங்குவதில்லை. அரசாங்க வீட்டுக் கடனையே வாங்குகின்றனர். முன்பு நிதியமைச்சின் வீட்டுக் கடன் பிரிவு கவனித்து வந்த அந்தப் பணியை, 2016ஆம் ஆண்டு சனவரி முதல் பொதுத்துறை வீட்டு நிதியளிப்பு வாரியம் கவனித்து வருகிறது. சம்பளத்தில் பிடித்தம் செய்வார்கள்; பணி ஓய்வு பெற்றால் ஓய்வூதியத்தில் பிடித்தம் தொடரும். இங்கும் பிடித்தம் நிற்பது ஒன்று. பட்டாவில் உள்ள பதிவை நீக்குவது மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடக் கூடாது.

காலம் தாழ்த்தினால் என்ன?

“வீடு எங்கே ஓடிப்போகப் போகிறது? பிறகு பார்த்துக் கொள்ளலாம்” என்று சிலர் கூறக்கூடும். வீடு ஓடாது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ளவை மாறிவிடும்.

முதலாவது, வங்கிகளே மாறிவிடுகின்றன. நாம் கடன் வாங்கிய காலத்து வங்கிகள் சில இன்று அந்தப் பெயரில் இல்லை. 2006இல் சதர்ன் வங்கி சிஐஎம்பி குழுமத்தோடு இணைந்தது. 2011இல் இயோன் வங்கி ஹோங் லியோங் வங்கியோடு இணைந்தது. பழைய பட்டாவில் பழைய வங்கியின் பெயர் இருக்கலாம். இணைந்த வங்கி அந்த ஈட்டை நீக்கித் தரும், உரிமை பறிபோகாது. ஆனால் பழைய கோப்பைத் தேட வேண்டும். இணைப்புக்கான ஆவணங்களைக் காட்ட வேண்டும். பத்து ஆண்டு கழித்துப் போகிறவருக்கு, பத்து நாளில் போகிறவரைவிட அலைச்சல் கூடும்.

இரண்டாவது, ஆவணங்கள் தொலைகின்றன. வங்கி திருப்பித் தந்த பட்டாவையும் கையொப்பமிட்ட படிவத்தையும் ஓர் உறையில் இட்டு அலமாரியில் வைத்துவிடுவோர் உண்டு. வீடு மாறும்போதோ வெள்ளம் புகும்போதோ அந்த உறை போய்விட்டால், மாற்றுப் பட்டாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் மிகவும் வருந்தத்தக்கது. வீட்டுத் தலைவர் காலமாகிவிடுகிறார். கடன் தீர்ந்ததா இல்லையா என்பதே மனைவி மக்களுக்குத் தெரியாது. எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த வழக்குரைஞர் என்பதும் தெரியாது. துயரத்தில் இருக்கும் குடும்பம் காகிதங்களைத் தேடி அலைகிறது. உழைத்துச் சேர்த்தவர் அரை நாள் விடுப்பு எடுத்துத் தொடங்கியிருக்கக்கூடிய ஒரு வேலை, பிள்ளைகளின் தலையில் பல மாதச் சுமையாக இறங்குகிறது.

செய்ய வேண்டியவை

கடைசித் தவணை நெருங்கும்போதே வங்கிக்குச் சென்று மீதித் தொகையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சில வெள்ளி வட்டி பாக்கி நின்றாலும் கணக்கு மூடப்படாது. முழுதும் கட்டியபின், கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். மாதந்தோறும் பணம் மாற்றும்படி வங்கிக்குக் கொடுத்திருந்த கட்டளையை நிறுத்துங்கள்.

அடுத்து, ஈட்டை நீக்கும் பணியை யார் செய்வது என்று கேளுங்கள். வழக்கமாக வழக்குரைஞர் வழியாகவே இது நடைபெறும். அதற்குக் கட்டணம் உண்டு. சில வங்கிகள் வீட்டு உரிமையாளரே நேரில் சென்று பதிந்து கொள்ளவும் இடமளிக்கின்றன. எவ்வழியாயினும், பதிவு முடிந்தபின் நில அலுவலகத்தில் அதிகாரத் தேடல் ஒன்றைச் செய்து, அந்தத் தாளை உங்கள் கண்ணால் பாருங்கள். ஈடு நீங்கியிருக்கிறதா, வேறு தடையுரிமை ஏதும் பதிவாகியுள்ளதா என்பது அதில் தெரிந்துவிடும்.

தீக் காப்புறுதியையும் மறவாதீர்கள். கடன் உள்ளவரை வங்கியே அதனை வற்புறுத்திப் புதுப்பிக்கச் செய்திருக்கும். கடன் தீர்ந்தபின் நினைவூட்ட ஆளிருக்காது. முழுதும் நம்முடையதான பிறகு வீட்டைக் காப்பின்றி விடுவது அறிவுடைமை ஆகாது. நிலவரியும் மதிப்பீட்டு வரியும் தொடர்ந்து கட்ட வேண்டியவை. குத்தகை நிலமாயின், எஞ்சியுள்ள ஆண்டுகளையும் பட்டாவில் பார்த்து வையுங்கள்.

இறுதியாக, உயில். “எனக்குப் பின் வீடு மனைவிக்குத்தானே?” என்பது நம்மவர் பலரின் நம்பிக்கை. தீபகற்ப மலேசியாவில் முசுலிம் அல்லாதோர் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டமே பேசும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு மூன்றில் இரு பங்கு. இறந்தவரின் பெற்றோரும் உயிரோடிருந்தால், பெற்றோருக்குக் கால் பங்கு, மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. இச்சட்டத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் நினைத்ததும் சட்டம் செய்வதும் ஒன்றாக இல்லாமற் போகலாம் என்றுதான் சொல்கிறேன். ஊழியர் சேமநிதிக்குப் பெயர் கொடுத்திருப்பது போல வீட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். வீட்டுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை, உயில்தான் வழி.

நம் இனத்திற்கு இதில் என்ன?

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பாட்டன் பாட்டியர் பலர் வாழ்நாள் முழுதும் தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்தவர்கள். அந்த வீடு அவர்களுடையதன்று. வேலை இருக்கும்வரைதான் வீடு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அந்த நிலையைக் கண்டுதான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கை வாங்கும்படி தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்டார். சிறுகச் சிறுகத் தவணை கட்டி மண்ணுக்கு உரியவராகலாம் என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வாறு வேரூன்றியது.

அப்படி வந்த ஒரு குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தப் பெயரில், ஈடு ஏதுமின்றி, ஒரு பட்டா கைக்கு வருகிறதென்றால் அது சாதாரணச் செய்தியா? மூன்று தலைமுறை காத்திருந்த தாள் அது. அந்தத் தாளை அரைகுறையாக விட்டுவிடலாமா?

வகுப்பறையில்

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் வட்டி, சொத்து, கடன்பொறுப்பு, காப்புறுதி ஆகியவை இடம்பெற்றுவிட்டன. அவற்றை வெறும் சொற்பொருளாகக் கற்பிக்காமல் ஒரு வீட்டைக் கொண்டு விளக்கிப் பாருங்கள். 200,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 4.5 விழுக்காடு வட்டி, 30 ஆண்டுகள். மாதத் தவணை ஏறக்குறைய 1,013 வெள்ளி வரும். முதல் மாதத் தவணையில் 750 வெள்ளி வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 263 வெள்ளிதான். கடைசி மாதத்திலோ வட்டி நான்கு வெள்ளிகூட இராது. முப்பது ஆண்டில் கட்டும் மொத்தத் தொகை ஏறக்குறைய 365,000 வெள்ளி. ஆறாம் ஆண்டு மாணவன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தானானால், தன் தாய்தந்தையர் ஏன் புதுக் கார் வாங்கவில்லை என்பது அவனுக்கு விளங்கிவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடன் தீர்ந்தபின் மாதந்தோறும் மிஞ்சும் அந்த ஆயிரம் வெள்ளிக்கு, அது கைக்கு வருவதற்கு முன்பே ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். ஐந்தாண்டு சேர்த்தால் வட்டி இல்லாமலே 60,000 வெள்ளிக்கு மேல் வரும். அது பிள்ளையின் உயர்கல்வியாகலாம். உங்கள் முதுமைக்கால மருத்துவமாகலாம். திட்டமில்லாவிட்டால் அது வந்த தடமும் தெரியாது, போன தடமும் தெரியாது. ஒரு நாள் திருமணச் செலவுக்காக, தூய்மையான பட்டாவை மீண்டும் வங்கியில் கொண்டுபோய் வைப்பதையும் ஒரு முறைக்கு நூறு முறை எண்ணிப் பாருங்கள்.

ஈடு நீங்கிய பட்டா கைக்கு வரும் நாளில் பிள்ளைகளை அருகில் அமர்த்துங்கள். அந்தத் தாளை அவர்களிடம் காட்டுங்கள். நிலத்தின் எண் எங்கே இருக்கிறது, பெயர் எங்கே இருக்கிறது, வங்கியின் பெயர் நீங்கியது எவ்வாறு என்று விளக்குங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லி வையுங்கள். விரும்பினால் அன்றும் ஒரு முறை பால் காய்ச்சுங்கள், தவறில்லை.

உங்கள் வீட்டுக் கடன் ஏற்கெனவே தீர்ந்திருந்தால், அடுத்த பள்ளி விடுமுறையில் முதல் வேலையாக அந்த உறையைத் திறந்து பாருங்கள். சிந்திப்போம், செயல்படுவோம்.