ஸ்ரீரங்கத்தில் வண்ணத்துப் பூச்சிக்குத் தோட்டம்! வீட்டுக் கொல்லையில் புழுவுக்கு மருந்து!

ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதரைத் தரிசித்துவிட்டு வருகிறவர்கள் பலர் இப்போது மேலூருக்கும் போகிறார்கள். அங்கே வண்ணத்துப் பூச்சிப் பூங்கா இருக்கிறது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, வனத்துறையின் காட்டு நிலத்தில், சுமார் 25 ஏக்கரில் அமைந்த பூங்கா இது. 2015-ம் ஆண்டு திறக்கப்பட்டது. 100-க்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப் பூச்சிகள் இங்கே காணப்பட்டிருக்கின்றன.

யானையைக் காட்டில் பார்க்க முதுமலைக்குப் போக வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும், லீவும் வேண்டும். மேலூருக்குக் குழந்தை குட்டிகளோடு போய், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

சீட்டு வாங்கிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அதோடு கடமை தீர்ந்ததா?

புழுதான் பூச்சி!

பூவில் தேன் குடிப்பது வளர்ந்த வண்ணத்துப் பூச்சி. அதன் புழுவுக்கு வேண்டியது இலை. அதுவும் எல்லா இலையும் ஆகாது. கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளைத் தின்று வளர்வது ஒரு வகை. எருக்க இலையைத் தின்பது இன்னொரு வகை. எருக்கின் நஞ்சு அதன் உடம்பில் தங்கிவிடுகிறது. அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை.

ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளரும் சிவப்பு உடல் பூச்சிக்கும் நஞ்சு உண்டு. இதில் ஒரு வேடிக்கை! கறிவேப்பிலையில் வளரும் பூச்சி ஒன்றுக்கு நஞ்சே கிடையாது. ஆனால் அதன் பெண் பூச்சிகளில் பல, அந்தச் சிவப்பு உடல் பூச்சியைப் போலவே சிறகு கொண்டிருக்கும். பறவை ஏமாந்து போகும். வேஷம் போட்டே உயிர் பிழைக்கிறது!

அந்த வேஷம் பறவையிடம் செல்லும். மருந்திடம் செல்லாது.

பூங்காவில் பூச்சியைக் கண்டு கைதட்டுகிறவர்களே, வீட்டுக்கு வந்ததும் கறிவேப்பிலைச் செடியில் புழுவைக் கண்டு மருந்து அடிக்கிறார்கள். காலி மனையில் எருக்கைக் களை என்று வெட்டுகிறார்கள். 25 ஏக்கருக்குள் மட்டும் பூச்சி பிழைத்தால் போதுமா? அது வேலிக்கு வெளியேயும் பறக்கிறதே!

2019-ல் தமிழக அரசு, ‘தமிழ் மறவன்’ என்ற பூச்சியை மாநில வண்ணத்துப் பூச்சியாக அறிவித்தது. அது மலைக்காட்டில் வாழ்வது. சமவெளிப் பூச்சிகளுக்குக் கொல்லைப்புறமும் காடுதான்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால், அது புழுவாகவும் இருக்கலாம். வளர்ந்தபின் பச்சையாகிவிடும். நாலு கொத்து இலை போனாலும் குழம்புக்கு மீதி இருக்கும்.