மேகம் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு மேகத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலை முகட்டில் மேகம் கவிந்து நிற்கும். மழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். இந்தப் பக்கம் சாரலும் காற்றுமே மிஞ்சும். ஆகவே, "உங்கள் கணக்கு வழக்குகளை மேகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், இந்தப் பக்கத்து விவசாயி முதலில் சிரிக்கத்தான் செய்வார்.

ஆனால் அவருடைய ஏலக்காயின் விலையே இப்போது அந்த 'மேக'த்தில்தான் தீர்மானமாகிறது. மேகக் கணிமை என்று இதற்குத் தமிழில் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அது என்ன, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை ஏலக்காயைக் கொண்டே பார்ப்போம்.

போடிநாயக்கனூரிலும், எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடங்கள் இருக்கின்றன. விற்பனைக்கு வந்த காயைத் தனித்தனிக் குவியல்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் 'லாட்' என்பது வியாபார வழக்கு. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த மாதிரிக் காய் வியாபாரிகளின் கைக்கு வரும். அவர்கள் பருமனையும் பச்சை நிறத்தையும் பார்ப்பார்கள். உரித்து முகர்ந்தும் பார்ப்பார்கள். பிறகு விலை கேட்பார்கள். முன்பெல்லாம் இது வாய்ச்சொல் ஏலம். பின்னர் ஒவ்வொரு வியாபாரியின் முன்னும் ஒரு கணிப்பொறி வந்தது. பொத்தானை அழுத்தினால் விலை உயரும். யார் கேட்ட விலை என்பது திரையில் தெரியும். ஆனால் இந்த மின்னணு ஏலத்தை நடத்தும் கணிப்பொறி அமைப்பு அந்தந்தக் கூடத்துக்கு உரியதாகவே இருந்தது. புற்றடி ஏலத்தில் காய் வாங்க வேண்டுமானால், போடி வியாபாரி கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறிப் போய்த்தான் ஆக வேண்டும்.

2020ஆம் ஆண்டில் கொரோனா ஊரடங்கு வந்தது. ஏலம் நின்றது, மாநில எல்லையைத் தாண்டுவதே பெரும்பாடு ஆயிற்று. காய் என்னவோ செடியில் நேரத்துக்கு விளைந்துகொண்டுதான் இருந்தது. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வாரியம் மேகக் கணிமை வழி நேரடி ஏலத்தைக் கொண்டுவந்தது. போடிக் கூடத்தில் இருப்பவரும் புற்றடிக் கூடத்தில் இருப்பவரும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்கலாம் என்பதே இதன் சாரம். வாங்க வருகிறவர் கூடினால் விளைவித்தவருக்கு நல்ல விலை கிடைக்க வாய்ப்புக் கூடுகிறது. சிறு தோட்டக்காரருக்குக் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடக் கிடைப்பது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைத் தீர்மானிக்கிற விஷயம்.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. போடியில் ஒருவரும் புற்றடியில் ஒருவரும் ஏறக்குறைய ஒரே கணத்தில் ஒரே விலையைக் கேட்டால் யாருக்குக் காய்? இரண்டு கூடங்களிலும் தனித்தனிக் கணக்குப் புத்தகம் இருந்தால் இரண்டு பேருமே "நான்தான் முதல்" என்பார்கள். ஆகவே கணக்கு ஒரே இடத்தில் எழுதப்பட வேண்டும். அந்த இடம் சென்னையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கம்பி வழித் தூரம் 600 கிலோமீட்டர் என்று கொண்டால், சேதி போய்ச் சேர 3 மில்லி வினாடி, பதில் திரும்பி வர இன்னொரு 3 மில்லி வினாடி. இடையிலுள்ள கருவிகள் இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாலும், வியாபாரியின் விரல் பொத்தானைத் தொட்டு எழுவதற்குள் வேலை முடிந்துவிடும். கூடத்துக்கு உள்ளே இருந்த இயந்திரம் அவ்வளவு தூரம் தள்ளி இருந்தாலும், விலை கேட்பவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

அப்படியானால் 'மேகம்' என்பது எது? அது ஒரு கட்டிடம். உள்ளே அலமாரி அலமாரியாக ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அவை கக்கும் வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனங்கள், மின்சாரம் போனால் கை கொடுக்க மின்கலங்கள், டீசல் இயந்திரங்கள், வாசலில் காவல். தரவு மையம் என்று இதைச் சொல்வார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் இந்தியாவில் தன் மேகச் சேவையைத் தொடங்கியபோது சென்னையிலும் ஒரு மையம் அமைந்தது. அமேசான் நிறுவனம் 2016இல் மும்பையில் தொடங்கியது. தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் வரைபடம் போடும்போது, தங்கள் பொறுப்புக்கு வெளியே உள்ள வலையமைப்பை விவரமாக வரையாமல் ஒரு மேக வடிவத்தைப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். "அதற்குள் என்ன நடக்கிறது என்று நீ கவலைப்படாதே" என்பது அதன் பொருள். அந்தப் படம்தான் பிறகு பெயராகிவிட்டது.

கருத்து பெயரைவிடப் பழையது. 1961இல் ஜான் மெக்கார்த்தி என்னும் அமெரிக்க விஞ்ஞானி, தொலைபேசியைப் போலக் கணிப்பு வசதியும் ஒரு நாள் பொதுச் சேவையாக வீடுகளுக்கு வரக்கூடும் என்று பேசினார். 2006இல் அமேசான் தன் கணிப்பொறிகளின் சேமிப்பிடத்தையும் கணிக்கும் ஆற்றலையும் வெளியாருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியபோது அது வியாபாரமாயிற்று.

வாடகையில் என்ன லாபம்? பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கான பேர் ஒரே நிமிடத்தில் ஒரே இணையதளத்தைத் தட்டுகிறார்கள். அந்த ஒரு நாளுக்காக நூறு கணிப்பொறிகளை வாங்கினால், மற்ற நாட்களில் அவை தூசி படிந்து கிடக்கும். வாடகை என்றால் அன்று நூறு, மறுநாள் இரண்டு. இதற்கு உதவுவது ஒரு மென்பொருள் வித்தை. ஒரு பெரிய கணிப்பொறியை, ஒன்றையொன்று தொடாத பல சிறு கணிப்பொறிகளைப் போல அது பிரித்துக் காட்டும். வயலில் வரப்பு போடுவதைப் போலத்தான். ஆனால் இந்த வரப்பை நொடியில் எடுக்கலாம், நொடியில் வேறு இடத்தில் போடலாம். ஏலமும் நாளில் சில மணி நேரமே நடப்பது. மற்ற நேரத்தில் அந்த இடத்தில் வேறு யாரோ பயிர் செய்துகொள்வார்கள்.

எல்லாம் நல்லதுதான். என் சண்டை பெயரோடுதான். மேகம் யாருக்கும் சொந்தமில்லை. அது தானாக வரும், தானாகப் போகும். அதற்குப் பத்திரமோ வாடகையோ கிடையாது. இந்தச் சேவையோ இதற்கு நேர் எதிர். இதற்குப் பொருத்தமான பெயர் 'அணை' என்பது என் கருத்து. கம்பம் பள்ளத்தாக்கைவிட அதை நன்றாக அறிந்த ஊர் எது?

முல்லைப் பெரியாறு அணையை எடுத்துக்கொள்ளுங்கள். பென்னிகுக் கட்டி 1895இல் நிறைவுற்றது. அவருக்குப் பொங்கல் வைக்கிற ஊர்கள் இங்கே உண்டு. அணை இருக்கும் நிலம் இன்று கேரளத்தில். தண்ணீர் இந்தப் பக்கத்து வயலுக்கு. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்து, பின் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைக்கிறது. இதற்கு அடிப்படை, 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசு எழுதிக் கொடுத்த 999 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை முதலில் ஏக்கருக்கு 5 ரூபாய். 1970இல் 30 ரூபாய் ஆயிற்று. எவ்வளவு உயரம் தேக்கலாம் என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் வழக்காக இருக்கிறது. முழு உயரம் 152 அடி; 1979இல் 136 அடியாகக் குறைத்தார்கள்; 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை அனுமதித்தது. யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரைக்கு அப்பாற்பட்டது. நான் சொல்ல வருவது வேறு. நம் பொருள் பிறர் நிலத்தில் தேங்கியிருக்கும்போது சுரங்கமும் பத்திரமும் மட்டமும் நம் கவலையாகிவிடுகின்றன. சுரங்கம் அடைபட்டால்? பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? எவ்வளவு தேக்கலாம் என்று முடிவு செய்வது யார்?

மேகக் கணிமையில் சுரங்கம் என்பது கண்ணாடி இழைக் கம்பி. சாலை வெட்டுகிறவர்கள் கடப்பாரையால் அதை அறுத்துவிட்டால் மேகம் அப்படியே இருக்கும், நமக்குத்தான் எட்டாது. பத்திரம் என்பது, செல்பேசியில் 'சம்மதம்' என்ற பொத்தானைத் தட்டுமுன் நாம் படிக்காமல் தள்ளிவிடும் பக்கங்கள். மட்டம் என்பது, இலவசமாகத் தந்த இடத்தை ஒரு நாள் நிறுவனம் குறைத்துவிடுவது. கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மாத வாடகைக்குக் கணக்கு மென்பொருள் எடுக்கும்போது, வாடகை நின்றால் பழைய கணக்கை முழுதாக வெளியே எடுக்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருப்பவருக்கு யார் எவ்வளவு பாக்கி என்ற நினைவு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அது பூட்டிக்கொண்டால், பாக்கியைப் போய்க் கேட்கவும் முடியாது.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீரை ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறையும். தகவல் அப்படியல்ல, எத்தனை பிரதி எடுத்தாலும் மூலம் குறைவதில்லை. மேகக் கணிமையின் பெரிய பலம் இதுதான். நல்ல நிறுவனங்கள் ஒரே கோப்பைப் பல இயந்திரங்களில் எழுதி வைக்கின்றன. ஒன்று பழுதானால் மற்றொன்று நிற்கும். ஆனால் அந்த இயந்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஓவிஎச் என்னும் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் தீப்பிடித்து எரிந்தது. லட்சக்கணக்கான இணையதளங்கள் நின்றன. பிரதி இருக்கிறது என்று நம்பியிருந்த சிலருக்கு, அந்தப் பிரதியும் அதே வளாகத்தில் இருந்ததாகப் பிறகுதான் தெரிந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தரவு மையத்தில் தீ. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஒரு பெரும் அமைப்பு அழிந்தது. அதற்கு வெளியே வேறு பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது.

"அப்படியானால் எல்லாவற்றையும் நம் வீட்டுக் கணிப்பொறியிலேயே வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்பீர்கள். அதையும் நான் ஒப்ப மாட்டேன். கடை மூலையில் இருக்கும் பெட்டிக்கு இடி, மின்னழுத்தம், கரையான், திருடன் என்று எத்தனையோ எதிரிகள். மழைக்காலத்தில் நம் ஊர் மின்சாரம் எப்படி வந்து போகும் என்பது உங்களுக்குத் தெரியும். நன்றாக நடத்தப்படும் தரவு மையம் அதைவிடப் பத்திரமானது. பெரியாற்று நீர் வருகிறது என்பதற்காகக் கூடலூர்க்காரர்கள் ஒட்டான்குளத்தைத் தூர்த்துவிடவில்லை. குளம் இருக்கிறது என்பதற்காக அணை நீர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்கள் மதிப்பெண் பட்டியல் 2015இல் தொடங்கிய அரசின் டிஜிலாக்கரில் இருக்கட்டும். அச்சடித்த மூலப் பிரதி வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இருக்கட்டும். குடும்பப் புகைப்படங்கள் செல்பேசியிலிருந்து தானாக மேகத்துக்குப் போகட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை அவற்றை ஒரு சிறு நினைவகத்தில் இறக்கி, வேறு ஊரில் இருக்கும் சித்தப்பா வீட்டில் கொடுத்து வையுங்கள். ஒரே தெருவில் இரண்டு பிரதி வைத்தால் ஸ்ட்ராஸ்பர்க் கதைதான்.

போடி, கம்பம், சின்னமனூர்ப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஏலம் நடந்த நாட்களின் விவரத்தை நறுமணப் பொருள் வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. எத்தனை லாட், எத்தனை கிலோ வந்தது, எவ்வளவு விற்றது, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று எல்லாம் அதில் இருக்கும். உங்கள் விஞ்ஞானக் கழகத்தில் ஒருவர் முறைவைத்து அதைத் தினமும் நோட்டில் எழுதி வரட்டும். மழை அளவை இன்னொரு பத்தியில் எழுதுங்கள். ஓர் ஏலத்துக்கு ஒரு வரி. நாளுக்கு இரண்டு ஏலம் நடந்தாலும் ஆண்டு முழுவதற்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.