படகு கரும்புகை விடுதா? தண்ணிக்கு அடியில பாருங்க!

புது டீசல் இன்ஜின். ஆனால், முழு வேகம் கொடுத்தால் படகு கரும்புகை கக்குகிறது, ஓட்டமும் இல்லை. உடனே எல்லோரும் மெக்கானிக்கைத் திட்டுவார்கள். பாவம் அவர்! பல நேரம் குற்றவாளி, கீழே சுழலும் புரொப்பல்லர்தான்.

அதில் 24, 18 என்று பொறித்திருந்தால், முதல் எண் விட்டம். அடுத்தது பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி படகு முன்னேற வேண்டிய தூரம். இரண்டுமே அங்குலத்தில். தண்ணீர் வழுக்குவதால் நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாது.

நிமிடத்துக்கு 1,800 சுற்று என்று இன்ஜினில் குறித்திருந்தால், முழு வேகத்தில் அதைத் தொட வேண்டும். அதுவும் டீசல், ஐஸ், வலை, ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு! காலிப் படகை ஓட்டிப் பார்த்து 'சூப்பர்' என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1,600-லேயே மூச்சு வாங்கினால் பிட்ச் அதிகமாக இருக்கலாம். அப்படியே ஓட்டினால் டீசல் காசு கரையும். நடுக்கடலில் இன்ஜின் கைவிட்டாலும் விடும். 1,800-ஐச் சுலபமாகத் தாண்டினால் பிட்ச் போதவில்லை.

இழுவலைப் படகுக்கு வேகத்தைவிட இழுவைதான் முக்கியம். அதற்குப் பெரிய விட்டமும் குறைந்த பிட்ச்சும் பொருந்தும்.

மாற்றும் முன், அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் சுற்று ஏறவில்லையா? வெண்கலப் புரொப்பல்லர் என்றால், பிட்ச்சை ஓரிரு அங்குலம் பட்டறையிலேயே குறைக்க முடியும்.