கருவுக்கு மரபணு டெஸ்ட்... எப்போ தேவை?

சோமனூரிலிருந்து கோவைக்கு ஐ.வி.எஃப் சிகிச்சைக்குப் போற ஜோடியா நீங்க? 'கருவுக்கு மரபணு டெஸ்ட் எடுத்துடலாமா?' என்று கேட்டால், உடனே தலையாட்டாதீங்க.

ஐந்தாறு நாள் வளர்ந்த கருவிலிருந்து சில செல்களை எடுத்துப் பார்ப்பதுதான் இந்த பி.ஜி.டி டெஸ்ட். தம்பதி இருவருமே தலசீமியா கேரியர் என்றால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 சதவிகித வாய்ப்பு. அவர்களுக்கு இது வரம்தான்.

மற்றவர்களுக்கு? 'குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்த்து கருவை வெச்சா குழந்தை நிச்சயம்' என்று நம்பிடாதீங்க. பெரும்பாலானோருக்கு அது வாய்ப்பைக் கூட்டுவதாக ஆதாரமில்லை என்கிறது பிரிட்டனின் கருத்தரிப்பு ஒழுங்குமுறை ஆணையம்.

அமெரிக்காவில் 2025-ல் உயரம், ஐ.க்யூ-வைக் கணித்து கருவைத் தேர்ந்தெடுக்கும் சேவையே வந்துவிட்டது. நம்ம ஊரில் அதற்கு இடமில்லை. 2021-ம் ஆண்டு சட்டப்படி, ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை, மரபணு நோய்களுக்கு மட்டுமே கருவைச் சோதிக்கலாம். ஆணா, பெண்ணா எனத் தேர்ந்தெடுத்துத் தருவது குற்றம். 10 ஆண்டு வரை சிறைகூடக் கிடைக்கலாம்.

தறி ஓட்டிச் சேர்த்த காசு அது. பில் போடும் முன் ஒரே கேள்வி கேளுங்க: "எந்த நோய்க்குங்க டாக்டர்? அது எங்க ரெண்டு பேர்கிட்டயும் இருக்கான்னு முதல்ல ரத்தத்துல பார்த்துடலாமுங்களா?"