சாலையும் சட்டமும்: கதவு கழற்றிய ஜீப்பு

பெங்களூரிலிருந்து முல்பாகல், பலமனேர் வழியாகச் சித்தூருக்கு இறங்கும் நெடுஞ்சாலையில், விடுமுறை நாள்களில் ஜீப்பு வகை வண்டிகள் வரிசையாகச் செல்வதை நம் வாசகர்கள் கண்டிருப்பார்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லுமாறு அமைந்த இவ்வண்டிகளுள் சிலவற்றுக்குப் பக்கக் கதவுகளே இரா. கம்பெனி பூட்டி அனுப்பிய கதவுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, காற்று வாங்கிக்கொண்டு செல்வதில் இளைஞர்களுக்கு ஓர் உவகை. இவ்வாறு செல்வதற்குச் சட்டம் இடந்தருகிறதா என்னும் வினாவையே இத்திங்கள் ஆராய எடுத்துக்கொண்டோம்.

வினாவை எழுப்பியவர் நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து பலமனேரில் நெடுங்காலமாகக் கடை வைத்திருப்பவர். சென்ற மாதக் கூட்டம் முடிந்ததும் அவர் நம்மை அருகே அழைத்து, “தம்பி, பெரியவன் புது ஜீப்பின் கதவு இரண்டையும் கழற்றித் திண்ணையில் சாத்திவிட்டான். பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அப்படியே திருப்பதிக்குப் போகலாம் என்கிறான். போலீஸ் பிடிக்குமே என்றால், ‘அந்தக் காலத்துத் தாசில்தார் ஜீப்புக்குக் கதவு இருந்ததா அப்பா?’ என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். நீங்கள் ரயில்வேயில் சட்டதிட்டம் பார்க்கிறவர்; ஒரு வழி சொல்லுங்கள்” என்றார். “ஐயா, பிள்ளை கேட்டதும் நியாயமான கேள்விதான். பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதிவிடுகிறோம்” என்று கூறினோம்.

முதலில் அப்பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ஜீப்பு போருக்கெனப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய கம்பெனிகள் 1941 முதல் இவற்றைப் பெருந்தொகையாகச் செய்து குவித்தன. சிப்பாய்கள் நொடியில் ஏறவும் குதிக்கவும் வேண்டியிருந்தது. வண்டியின் எடையும் குறைய வேண்டியிருந்தது. ஆதலின் பக்கவாட்டில் கதவு வைக்கவில்லை. திறந்த இடத்தின் குறுக்கே ஒரு வார் மட்டும் மாட்டினர். நம் நாட்டில் மகிந்திரா கம்பெனியார் 1947-ஆம் ஆண்டு பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டியிணைக்கத் தொடங்கினர். பின்னாளில் தாசில்தாரும் வனத்துறையினரும் காவல்துறையினரும் கித்தான் கூரை போட்ட அவ்வண்டிகளிலேயே ஊர் ஊராகச் சுற்றினர். அவை திறந்த பக்கங்களோடு செய்யப்பட்டு, அவ்வாறே பதிவும் ஆயின. அத்தகைய பழைய ஜீப்பு ஒன்று, பதிவு காலாவதியாகாமல், தன் முதல் உருவத்திலேயே இன்றும் ஓடுமாயின், அதன் உரிமையாளர் வண்டியை மாற்றியமைத்தார் என்று குற்றஞ்சாட்ட இடமில்லை.

இன்று விற்பனையாகும் வண்டியின் நிலை வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 126-ஆவது விதிப்படி, ஒரு கம்பெனி புதிய வண்டியை விற்பனைக்கு விடுமுன் அதன் மாதிரியைச் சோதனை நிலையத்துக்கு அனுப்பித் தகுதிச் சான்று பெறவேண்டும். புனேயில் உள்ள ‘அராய்’ என்னும் நிலையம் அத்தகையவற்றுள் ஒன்று. எந்த உருவத்தில் மாதிரி தேறியதோ அந்த உருவத்துக்கே சான்று. அதைக் கொண்டே வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் நமக்கு ஆர்.சி. வழங்குகிறது. 2020-இல் வந்த மகிந்திரா தார் வண்டி அவ்வாண்டு நவம்பரில் ‘குளோபல் என்காப்’ மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. அந்த நட்சத்திரங்களைப் பெற்றது கதவு பூட்டிய வண்டி என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

நம் புகைவண்டித் தொழிலில் இதற்கொப்பான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு சரக்கு வேகனின் பக்கத்திலும் அதன் எண்ணும் வெற்றெடையும் எழுதப்பட்டிருக்கும். எழுத்தர் அதை நம்பியே கணக்கிடுகிறார். வேகனில் ஏதேனும் ஒரு பாகத்தை எவரோ கழற்றிக்கொண்டு போய்விட்டால் எழுத்து ஒன்றாகவும் வண்டி வேறொன்றாகவும் நிற்கும். மோட்டார் வண்டிக்கும் ஆர்.சி.க்கும் உள்ள உறவு இத்தகையதே.

நிற்க. சட்டம் யாது கூறுகிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு வண்டிகளின் மாற்றத்தைப் பற்றியது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாகும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றலாகாது என்று அது தடுக்கிறது. எரிவாயு, மின்கலம் போன்ற வேறு எரிபொருளுக்கு எஞ்சினை மாற்றுதல் போன்ற சிலவற்றுக்கு மட்டும், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, விலக்கு உண்டு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டனர். மாநில விதிகளைக் காட்டி வண்டியின் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்ற கேரள உயர் நீதிமன்றத்தின் கருத்து அத்தீர்ப்பால் நீங்கிற்று.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். “ஆர்.சி.யில் கதவு என்ற சொல்லே இல்லையே! சட்டத்திலும் கதவில்லாமல் ஓட்டாதே என்று ஒரு வரி கிடையாதே!” என்பர். அவ்வாறு ஒரு வரி இல்லை என்பது உண்மைதான். ஆயினும் ‘மாற்றம்’ என்பதற்கு அதே பிரிவு விளக்கம் தருகிறது. வண்டியின் அடிப்படைத் தன்மை மாறும்படி அதன் அமைப்பில் செய்யும் மாறுதலே அது. மூடிய உடலோடு தேறிய வண்டியைத் திறந்த வண்டியாக்குவது இவ்விளக்கத்தினுள் அடங்காது என்று வாதாடி வெல்வது எளிதன்று. கதவோடு கூடவே வெளிக்கண்ணாடியும் போய்விடுகிறது. ஓட்டுநர் பின்வரும் வண்டியைக் காண்பதற்கு வெளிக்கண்ணாடி வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. ஆதலின் கதவைப் பற்றிய வாதத்தில் வென்றாலும் கண்ணாடியைப் பற்றி விடை கூறியாகவேண்டும்.

தண்டனையும் சிறிதன்று. 2019 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சாலைப் பாதுகாப்புத் தரங்களை மீறிய வண்டியை ஓட்டுபவருக்கு 190-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. கதவில்லாத வாயிலில் காலை வெளியே தொங்கவிட்டுப் படியில் நின்று செல்வது 123-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். சீட் பெல்ட் அணியாமைக்கு 1,000 ரூபாய் தனி.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோர், 2023-இன் தொடக்கத்தில் நாளேடுகளில் வந்த ஸ்ரீநகர் வழக்கை அறிதல் நலம். அங்கு ஒருவர் தம் தார் வண்டிக்குக் கடினக் கூரை, பெரிய டயர்கள், சைரன் முதலியன பூட்டியிருந்தார். போக்குவரத்து வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பளித்தது. முதற் குற்றமாதலின் சிறைக்கு அனுப்பாமல், இரண்டு ஆண்டு நன்னடத்தைப் பிணையில் விட்டது; வண்டியை ஆர்.சி.யில் உள்ளபடி பழைய நிலைக்குக் கொண்டுவரவும் ஆணையிட்டது. அவர் கதவைக் கழற்றவில்லை. கூடுதலாகப் பூட்டியவரே அவ்வாறு நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது.

“அமெரிக்காவில் நம் உறவுப் பிள்ளைகள் கதவில்லாத ஜீப்பில் படம் எடுத்து அனுப்புகிறார்களே” என்று சிலர் கேட்கலாம். அந்நாட்டு மத்திய பாதுகாப்பு விதி, எளிதில் கழற்றி மாட்டும்படி கம்பெனியே அமைத்த கதவுகளுக்கு விலக்கு அளிக்கிறது. அங்குள்ள ராங்லர் வண்டி அவ்வாறு அமைந்தது. கண்ணாடி முதலிய நிபந்தனைகள் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தவை. அவ்வண்டியின் கையேடுகூட, கதவைக் கழற்றிக்கொண்டு பொதுச் சாலையில் ஓட்டவேண்டா, பாதுகாப்புக் குறையும் என்று எச்சரிக்கிறது. ஆதலின் அந்தப் படங்கள் நமக்குச் சான்றாகா.

இனிச் சட்டத்தை விட்டு உயிரைப் பற்றிப் பேசுவோம். பலமனேர் மேட்டிலிருந்து சித்தூருக்குச் செல்பவர் மொகிலி கணவாயில் இறங்கவேண்டும். 2024 செப்டம்பர் 13 அன்று அங்கு அரசுப் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் மாண்டதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். மலைப்பாதையில் 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு இருப்பதாகவும், வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவதாகவும் கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவரை அப்போது ஏறத்தாழ 25 கிலோ எடைக்கு ஒப்பான விசை வெளிப்புறமாகச் சாய்க்கும். கதவு இருந்தால் அவர் தோள் அதில் இடிக்கும், அவ்வளவே. கதவு இல்லையேல் பெல்ட் ஒன்றே அவரைப் பிடித்து நிறுத்தவேண்டும். மடியில் வைத்த குழந்தைக்கு அந்தப் பெல்ட்டும் இல்லை. உயரமான வண்டி உருளுமாயின், உள்ளிருப்பவர் வெளியே எறியப்படுவதே பெருங்கேடு. மூடிய கதவு அதைத் தடுக்கும் பொருள்களுள் ஒன்று.

புகைவண்டியில் படியில் நின்று செல்வது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156-ஆவது பிரிவின்படி குற்றம். எச்சரித்தும் இறங்க மறுப்பவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ உண்டு. 2025 ஜூன் 9 அன்று மும்பைக்கருகே மும்ப்ராவில், வாயிலில் தொங்கிச் சென்ற பயணிகள் ஓடும் வண்டியிலிருந்து விழுந்து உயிரிழந்தனர். நெரிசலால் வேறு வழியின்றித் தொங்கியவர்கள் அவர்கள். ஜீப்பின் கதவை நாமே கழற்றிவிட்டு அந்த ஆபத்தை விலைகொடுத்து வாங்குவானேன்?

பிழைப்பைத் தேடி எல்லை கடந்து வந்த நம் போன்ற குடும்பங்களுக்கு இதில் மேலும் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, மோட்டார் வாகனச் சட்டம் மத்திய சட்டம். காட்பாடியில் குற்றமானது பலமனேரிலும் குற்றமே. தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டியை ஆந்திரத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் 47-ஆவது பிரிவின்படி இங்குப் புதிய பதிவெண் பெறவேண்டும். பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அந்நேரங்களில் ஆய்வாளர் வண்டியையும் ஆர்.சி.யையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கதவற்று நிற்கும் வண்டி அங்கேயே தடைப்பட்டு, கடையைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்கு அலையும் நாள்கள் பெருகும்.

இரண்டாவது, இன்சூரன்ஸ். வண்டியில் செய்த மாற்றத்தைக் கம்பெனிக்கு அறிவிக்காமல் இருந்தால், விபத்தின்பின் சொந்தச் சேதத்திற்கான தொகையை மறுக்க அவர்களுக்கு வழி பிறக்கிறது. பல ஆண்டுச் சேமிப்போடு கடனும் சேர்த்து வாங்கிய வண்டி, பழுதுபார்க்கப் பணமின்றிப் பட்டறையில் கிடக்கும். கடன் தவணை மட்டும் தவறாமல் வரும்.

ஆகவே நம் கருத்து இது. கதவின்றியே செய்யப்பட்டுப் பதிவான பழைய ஜீப்பை வைத்திருப்பவர், ஆர்.சி.யைச் சரியாக வைத்துக்கொண்டு, மலைப்பாதையில் குழந்தைகளை ஓரத்தில் அமர்த்தாமல், நிதானமாக ஓட்டுக. கதவோடு வாங்கிய வண்டியைப் பொதுச் சாலையில் கதவோடே ஓட்டுக. காற்று வேண்டுவோர் கண்ணாடியை இறக்கலாம். கம்பெனியே மடக்குக் கூரை வைத்துத் தந்த வகையாயின் கூரையைத் திறக்கலாம். அதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஏற்கெனவே கழற்றியவர்கள், கீல் ஆணிகளை முழுதும் இறுக்கி, கதவு தாழ் இரண்டு முறையும் விழுகிறதா என்று பார்த்து, கண்ணாடிக்கும் பூட்டுக்கும் செல்லும் மின்கம்பிகளைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு இணைத்து, அதன் பின்னரே திருப்பதிப் பயணத்தைத் தொடங்குக.

தமிழ்நாட்டுப் பதிவெண்ணை ஆந்திரப் பதிவெண்ணாக மாற்றுவதற்கு வேண்டிய என்.ஓ.சி., படிவங்கள், வரி ஆகியவற்றைப் பற்றி அடுத்த திங்கள் எழுதுவோம்.