அடுத்த மழைக்கு முன் ஒரு பொதுப் பதிவு

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, தன்னார்வலர்கள் கூகுள் ஷீட்டில் உதவிக் கோரிக்கைகளைத் திரட்டி ஊரையே காக்க ஓடினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோதும் அப்படித்தான் ஓடினார்கள். அந்த உழைப்பில் குறையில்லை. அவர்கள் கையிலிருந்த பட்டியல்களில்தான் குறை.

'கர்ப்பிணி, முதல் மாடி, கீழே இடுப்பளவு தண்ணீர்' என்று ஒரு வரி. பக்கத்தில் கைப்பேசி எண். காலையில் எழுதப்படும் இந்த வரி மதியத்துக்குள் நாலைந்து குழுக்களின் பட்டியலில் ஏறிவிடும். மாலையில் ஒரு படகு வந்து அந்தப் பெண்ணை ஏற்றிப்போயிருக்கும். படகுக்காரருக்கு எந்தப் பட்டியலும் தெரியாது. இரவு முழுக்க அந்த எண்ணுக்கு அழைப்புகள் வந்துகொண்டிருக்கும். மின்சாரமில்லாத ஊரில் மிச்சமிருக்கும் சார்ஜும் அதிலேயே தீரும். இன்னொரு படகு ஆளில்லாத வீட்டுக்குப் போய்த் திரும்பும். இரண்டு பேர் ஷீட்டின் ஒரே கட்டத்தில் 'நாங்கள் போகிறோம்' என்று எழுதினால், பின்னால் எழுதியவரின் பதிவே நிற்கும். முன்னவருக்கு அது தெரியாது. இரண்டு தெரு தள்ளி, எந்தப் பட்டியலிலும் ஏறாத முதியவர் மொட்டை மாடியில் காத்திருப்பார்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற பேரிடர் மேலாண்மைச் செயலியை உருவாக்கினார்கள். 2005-இல் அமெரிக்காவில் கத்ரீனா புயலில் காணாமல் போனவர்களின் பெயர்கள் பல இணையதளங்களில் சிதறிக் கிடந்தபோது, 'பிஃபிஃப்' என்ற பொதுத் தரவு வடிவம் பிறந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் அடையாளம். அது எங்கே முதலில் எழுதப்பட்டது என்ற குறிப்பு. பின்னாளில் காலாவதித் தேதியும் சேர்ந்தது. எத்தனை பேர் நகலெடுத்தாலும் மூலம் தொலையாது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் கூகுளின் ஆள்தேடும் சேவை இதே வடிவத்தில்தான் இயங்கியது.

இங்கும் அத்தகைய பொது வடிவம் தேவை. ஆனால் இதில் அரசு தலையிட்டால் தன்னார்வலர்களின் வேகம் குறையும் என்ற அச்சம் நியாயமானது. எனவே மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இன்னொரு செயலி செய்ய வேண்டாம். கோரிக்கை எண், பொறுப்பேற்ற குழு, கடைசியாகச் சரிபார்த்த நேரம் ஆகியவை கொண்ட பொது வடிவத்தை வெளியிட்டால் போதும். எந்தக் குழுவும் தனக்குப் பிடித்த கருவியில் வேலை செய்யலாம். மாநிலப் பேரிடர் உதவி எண்ணான 1070-க்கு வரும் அழைப்புகளும் அதே வடிவில் பதிவாக வேண்டும்.

கைப்பேசி எண்களைப் பொறுப்பேற்ற குழு மட்டுமே பார்க்க வேண்டும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பேரிடர் உதவிக்காக ஒப்புதலின்றியும் தகவலைக் கையாள இடம் தருகிறது. அந்த விலக்கு, தனியாக வசிக்கும் பெண்ணின் முகவரியும் எண்ணும் வெள்ளம் வடிந்த பிறகும் ஊரெல்லாம் சுற்றுவதற்கு அல்ல. மீட்பு முடிந்ததும் அவற்றை அழிக்கும் கடமையை ஆணையம் எழுத்தில் விதிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் வடிவம் வெளியாகி, கடலோர மாவட்டங்களில் மீனவர்களையும் படகோட்டிகளையும் சேர்த்து ஒத்திகை நடக்க வேண்டும்.